எவ்வளவு தூரம் ஓடினாள்?

அம்மிணி, சாமி, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படிங்க. சாமி, உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். புரியாத இடத்தில் அக்காவைக் கேட்டுக்கோ. நான் அன்றைக்கு எடுத்த அந்த வீடியோ எங்கே, எங்கே என்று ரெண்டு பேரும் விடாமல் கேட்கிறீர்கள். அது இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்கு அந்த வாரம் முழுவதையும் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். எழுத்தில் தப்பு இருந்தால் அம்மா திருத்துவாள்.

அம்மிணி, அன்றைக்கு நீ ஸ்கூல் முடிந்து ஓட்டப் பயிற்சியில் இருந்தாய். அம்மாவுக்குக் கோச் ஃபோன் பண்ணினார். அம்மா மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு காரை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ஷட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், டப்ளின் ரயில் ஸ்டேஷனுக்கும் சான் ரமோன் ஆபீஸ் பார்க்குக்கும் நடுவில். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கெஸ்ட் ரூம் மூலையில் பாயைப் போட்டு நீ ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். நீ போட்டிருந்த துணியும் ஓடுகிற ஷூவும் ஒரு பையில் கட்டி கராஜுக்குப் போயாச்சு.

கோபியிலிருந்து உங்கள் பெரியம்மா வீடியோ காலில் இருந்தார். அங்கே விடிந்துகூட இருக்காது.

"ஏனுங் மாப்பிள்ளை, சந்தோஷ சமாச்சாரமுங்க! தெரட்டிச் சீரு ஜம்முனு பண்ணிப்புடோணும். அமெரிக்காவுல இருக்கறம்னு ஒண்ணையும் உட்றாதீங்க. உளுந்தங்களி குடுங்க, நல்லெண்ணெய் குடுங்க, இடுப்பெலும்பு பலப்படோணும். அப்பறம் முக்கியமா, இந்த டவுசரப் போட்டுட்டு ஓடறதெல்லாம் இதோட போதுமுங்க. வவுறு எறங்கிப் போயிரும்."

பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டியது தாய்மாமன். உங்கள் மாமா இருப்பதோ அமெரிக்காவின் அந்தக் கோடியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். "மச்சான், விசேஷத்துக்கு நான் ஃப்ளைட் பிடிச்சு வந்துடறேன். குடிசையை எனக்குப் பதிலா நீங்க கட்டிடுங்க. நான் ஃபோன்ல நின்னு பார்த்துக்கறேன்" என்றார். தென்னை ஓலைக்கு நான் எங்கே போவேன்? ஆன்லைனில் பிளாஸ்டிக் ஓலை வாங்கி, ஹோம் டிப்போ மாதிரிக் கடையில் வெள்ளைக் குழாய் வாங்கி, கெஸ்ட் ரூம் மூலையிலேயே கட்டினேன். சாமி, நீ எட்டிப் பார்த்து, "இஸ் ஷி கேம்பிங்?" என்று கேட்டாய். அக்கா உள்ளேயிருந்து தலையணையை எடுத்து உன் மேல் எறிந்தாள். தலையணையும் தீட்டு என்று சொல்லி அம்மா அதையும் துவைத்தாள்.

எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. பெண் பெரியவளாகிவிட்டால் உட்கார வைப்பார்கள். என் அக்காவை வைத்தார்கள், தங்கையை வைத்தார்கள். உட்கார்ந்தால் உடம்பு தேறும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதனால் கோச்சுக்கு நானே மெசேஜ் அனுப்பினேன், இந்த சீசனுக்கு அவள் வரமாட்டாள் என்று.

அனுப்பிய பிறகுதான் உன்னிடம் சொன்னேன்.

"அப்பா, டீம்ல நாங்க அஞ்சு பேர்தான் இருக்கோம். அஞ்சு பேர் ஃபினிஷ் பண்ணலைன்னா டீமுக்கு ஸ்கோரே கிடையாது. ஒரு வாரம் கழிச்சாவது போகட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாய்.

"அப்புறம் பார்க்கலாம் கண்ணு" என்றேன். நான் அப்புறம் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். உனக்கு அது தெரியும். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். இந்த சீசன் மட்டுமா, இனி எப்போதுமா என்று நீ கேட்கவில்லை.

என்னோடு ஷட்டில் ஓட்டுகிற அங்கிளை உங்களுக்குத் தெரியும். உன் டீமில் ஓடுகிறாளே, நீளப் பின்னல் போட்டு, உன் சிநேகிதி, அவளுடைய அப்பா. நவஹோ இனத்தவர். வேறு யாரும் இங்கே வந்து சேர்வதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிற ஜனங்கள். அரிசோனாவிலிருந்து வேலைக்காக இங்கே குடிவந்தவர்கள். காலையில் முதல் ரயிலுக்கு முன்னால் ரெண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என் ஃபிளாஸ்கிலிருந்து ஆளுக்கு ஒரு காபி குடிப்போம். என் காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்று தினமும் சொல்லிக்கொண்டே முழுசாகக் குடித்துவிடுவார்.

"உன் பொண்ணு பிராக்டிஸுக்கே வரலையாமே? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்பிளைங்க பேசுகிற பேச்சா இது? அதையும் என் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "அதெல்லாம் ஒண்ணுமில்லை. வீட்ல ஒரு ஃபங்ஷன். அவ இப்போ... பெரிய பொண்ணு" என்று இழுத்தேன்.

நான் முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. காபியை வண்டி மூக்கின் மேல் வைத்துவிட்டு என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் அப்படி மலர்ந்துவிட்டது. எனக்கே அப்போதுதான் அது சந்தோஷமான விஷயம் என்று உறைத்தது. பிறகு கேட்டார்:

"எவ்வளவு தூரம் ஓடினா?"

கேள்வி புரிந்தது. அதை எதற்குக் கேட்கிறார் என்றுதான் புரியவில்லை.

"ஓடலை. உட்கார வெச்சிருக்கோம்."

"எங்கே?"

"வீட்டுக்குள்ள. ஒரு சின்னக் குடிசை கட்டி, அதுக்குள்ள."

"எவ்வளவு நேரம்?"

"நேரமில்லை, நாள் கணக்கு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணையா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் சொன்னார். அவர் மகளும் இப்போதுதான் பெரியவளாகி இருக்கிறாள். அவர்கள் வழக்கத்தில் அதற்கு ஒரு சடங்கு உண்டு, சில நாள் நடக்கும். ஊருக்குப் போய்ச் செய்ய லீவு கிடைக்காததால், லிவர்மோரைத் தாண்டி அவர் மனைவியின் அக்கா வீட்டில் இந்த வாரக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சடங்கில் பெண் விடியற்காலையில் கிழக்கே பார்த்து ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடத் தூரமாக. எவ்வளவு தூரம் ஓடுகிறாளோ அவ்வளவு பலமாக, அவ்வளவு நீளமாக அவள் வாழ்க்கை இருக்கும். வீட்டு ஜனம் மொத்தமும் அவள் பின்னால் ஓடும்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஒரே விஷயம். அதே வயசு. அதே டீம். நாங்கள் எதற்காக உட்கார வைத்தோமோ அதற்காகவே அவர்கள் ஓட விடுகிறார்கள்! அன்று ரெண்டாவது டிரிப்பில் ஒரு ஸ்டாப்பை அப்படியே தாண்டிப் போய்விட்டேன். பின் சீட்டிலிருந்து ஒரு மேடம் கத்திய பிறகுதான் பிரேக் போட்டேன்.

"சனிக்கிழமை விடியறதுக்கு முன்னால வா. பொண்ணையும் கூட்டிட்டு வா" என்று சொல்லியிருந்தார்.

"அவ வெளியே வரக்கூடாது."

"சரி. நீயாவது வா."

வெறுங்கையோடு போகலாமா? அம்மா ஒரு தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, கண்ணாடி வளையல், ஒரு பெட்டி லட்டு எல்லாம் வைத்துச் சீர்த்தட்டு மாதிரியே கொடுத்தாள். ஃப்ரீவேயில் தட்டு சரியாமல் இருக்க சீட் பெல்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பெரியம்மா முறையில் இருந்தவர் தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, லட்டை மட்டும் எடுத்து வேறொருவர் கையில் கொடுத்தார். சடங்கு முடிகிற வரைக்கும் அந்தப் பெண் இனிப்பு, உப்பு தொடக்கூடாதாம். நம் வழக்கத்தில் பெண்ணுக்குச் சாப்பிடக் கொடு, கொடு என்பார்கள். அங்கே அவள் பசியோடு சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். அதுவே எனக்கு ஒரு அதிர்ச்சி.

அங்கே பாடியது, செய்தது எல்லாவற்றையும் எழுதமாட்டேன். அது அவர்களுடையது. ஓடியதை மட்டும் சொல்கிறேன்.

வானம் லேசாக வெளுத்தது. அவள் கதவிலிருந்து புறப்பட்டாள். காய்ந்த புல் மேட்டில், தூரத்துக் காற்றாலைகளைப் பார்த்து ஓடினாள். பின்னால் சித்தப்பா, அத்தை, குஞ்சு குளுவான் என்று ஒரு கூட்டமே கத்திக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். ஓடும்போதே எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ இதைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

நம் வீட்டு விசேஷங்களில் வீடியோ எடுக்கிறவர் எங்கே நிற்பார்? பெண்ணுக்கு முன்னால். ஐயரை மறைத்தாலும் சரி, சாமி படத்தை மறைத்தாலும் சரி, பெண் முகம் விழவேண்டும். முதுகை எடுத்தால் காசு கொடுக்கமாட்டோம். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் வேகம் பிடித்து, அவளைத் தாண்டி முன்னால் போய்த் திரும்பி நின்று எடுத்தேன்.

கத்தல் நின்றது. அடுத்த நொடி வேறு மாதிரிக் கத்தல். என்னைப் பார்த்து.

"பின்னால! பின்னால போ!"

யாரோ என் தோளைப் பிடித்துப் புல்லில் இழுத்தார்கள். அந்தப் பெண் நிற்கவில்லை. கண்ணை ஒரு தடவை அகல விரித்து என்னைப் பார்த்துவிட்டு, விலகி, ஓடிக்கொண்டே இருந்தாள். கூட்டமும் என்னைக் கடந்து போனது. நான் அப்படியே நின்றேன். என்ன தப்புப் பண்ணினேன் என்று தெரியவில்லை. பெரிய தப்பு என்று மட்டும் தெரிந்தது.

அந்த வீட்டுப் பெரியம்மா மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் நின்றார். "அவளை யாரும் தாண்டக்கூடாது. தாண்டினா அவளுக்கு முன்னாலயே கிழவனாயிடுவே."

பின்னாலேயே வந்த நம் அங்கிள் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். "விடு அக்கா. இவனுக்கு அது ஏற்கனவே ஆயிடுச்சு."

பெரியம்மா சிரித்துவிட்டார். "அவ மறுபடி முன்னால போயிட்டா. போதும்" என்று என் முதுகைத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணுக்கு முன்னால் போகக்கூடாது என்பதற்காக ஒரு குடும்பமே, கிழவர்கூட, வேகத்தை அடக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறதே! அதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

எல்லாரும் திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அங்கிள் என்னை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே மண்ணில் ஒரு வட்டக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். மறுநாளுக்கான பெரிய சோள கேக்கை அதற்குள் வைத்துச் சுடுவார்களாம். குழி ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

அரிசோனாவில் அவர் மகளோடு சேர்ந்து ஓடுவதற்கு ஒரு அக்கா இருந்தாள், அவருடைய அண்ணன் மகள். ஹைஸ்கூல் பிள்ளை. அவள் போய்விட்டாள். பெயரை அவர் சொல்லவில்லை. போனவர்கள் பெயரை அவர்கள் சொல்லமாட்டார்களாம். நோயும் இல்லை, விபத்தும் இல்லை, வேறு யார் கையும் இல்லை என்று மட்டும் சொன்னார். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அந்தக் குழி ஓரத்தில் குந்திவிட்டேன்.

அதற்கப்புறம்தான் இங்கே குடிவந்தார்கள். மகள் ஓடுவதை விட்டாள். பிறகு சாப்பாட்டை விட்டாள். பிறகு பேச்சை. ஸ்கூல் விட்டால் படுக்கை. "டாக்டர்கிட்ட போனோம், கவுன்சிலர்கிட்ட போனோம். அதெல்லாம் வேணும், இப்பவும் போறோம். ஆனா அவ எழுந்திருக்கலை. ராத்திரியில அவ மூச்சு விடறாளான்னு கதவுகிட்ட போய் நிப்பேன்" என்றார். "அப்புறம் உன் பொண்ணு வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா."

"என் பொண்ணா?"

"உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, அம்மிணி. நீ சொல்லவே இல்லை. டீமுக்கு ஒரு ஆள் குறைகிறது, ஓடக்கூட வேண்டாம், நடந்து முடித்தால் போதும் என்று நீ அவளிடம் சொன்னாயாம். முதல் ரேஸில் அவள் நடந்தே கடைசியாக வந்தாளாம். நீ முடித்துவிட்டுத் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் நடந்தாயாம். அவர் சொல்லச் சொல்ல, நான் உன்னைப் பெற்றவனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்போது அந்தப் பெண்ணே வந்தாள். வியர்வை காயவில்லை. முன்னால் ஓடியதற்குத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அவ எங்கே?" என்றாள். "என் பின்னால ஓட வருவேன்னு சொல்லியிருந்தா. உடம்பு சரியில்லையா?"

"இல்லைம்மா. நல்லாத்தான் இருக்கா."

"அப்ப ஏன் வரலை?"

அங்கிள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல ஒரு ஓட்டம் இருக்கு. அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. அம்மா அடுப்பில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். அத்தனையும் சொன்னேன். கடைசியில், "நாளைக்கு இவளைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன். கோபியிலிருக்கிற அவள் அக்காவுக்கு என்ன சொல்வது, தீட்டு, மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "நான் கோ-கோ பிளேயர், தெரியுமாங்க?" என்றாள்.

"நீயா?"

"எட்டாவதுல மாவட்ட டீம். ஈரோடு போய் ஆடினோம். என்னைத் தொட ஒருத்தியாலயும் முடியாது. அடுத்த மாசம் வயசுக்கு வந்தேன். குடிசையில உட்கார வெச்சாங்க. பதினாறு சீர் செஞ்சாங்க. சீரெல்லாம் முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனா, டீம்ல என் இடத்துல வேற பொண்ணு உட்கார்ந்திருந்தா. மறுபடி கிரவுண்டுக்கே போகலை."

இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீங்க என்னிக்குக் கேட்டீங்க?" என்று அடுப்பை அணைத்துவிட்டு கராஜுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் உன் ஷூ. நீ எப்போதும் முடிச்சை அவிழ்க்காமல் உதறிவிட்டுப் போவாயே, அதே முடிச்சோடு. குடிசை வாசலில் வைத்தாள். "குளிச்சுட்டு வா. நாளைக்கு விடியக்காலம் கிளம்பணும்" என்றாள். உன் பெரியம்மாவிடம் அவளே ஃபோனில் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் கேட்டதெல்லாம், "அக்கா, நீ நிறுத்து" என்ற ஒரு வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களே பார்த்தீர்கள். சாமி, நீ தூக்கத்தில் என் தோளில் கிடந்தாய், கத்தல் கேட்டதும் எழுந்து நீயும் கத்தினாய். அம்மிணி, நீ அவளைவிட வேகம். எல்லா ரேஸிலும் அவளுக்கு முன்னால் வருகிறவள். அன்றைக்கு உன் காலை நீயே இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னலுக்கு ஒரு கை தூரம் பின்னால், கடைசிவரைக்கும் அந்த இடத்தை விடாமல் ஓடினாய். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், இருக்கிறாயா என்று. உடனே இன்னும் வேகம் எடுத்தாள். உங்கள் அம்மா சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் மட்டும் எல்லாருக்கும் கடைசியில் ஓடினேன், யாரையும் தாண்டிவிடக்கூடாதே என்ற பயத்தில்.

கோச்சுக்கு மறுபடி நானே மெசேஜ் அனுப்பினேன். மண்டபத்து விசேஷமும் நடந்தது. காலையில் ரேஸ் ஓடிவிட்டு, முழங்காலில் மண்ணோடு வந்து பட்டுப்புடவை கட்டினாய். அந்தப் பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து லட்டு தின்றாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதது ஒன்றுதான். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலையில் முதல் ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. அங்கிள் வண்டி இன்னும் வரவில்லை. ஷட்டிலில் தனியாக உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். வெளுக்கிற வானம், அவள் முகம் என்னை நோக்கி வருகிறது, பின்னல் தோளில் குதிக்கிறது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள். அவள் அப்பா கதவருகில் நின்று கேட்பாரே, அந்த மூச்சு. பிறகு கத்தல். பிறகு வெறும் புல், என் செருப்புக் கால். முகம் அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது. அந்த முகத்தை யாரும் முன்னால் நின்று பார்த்திருக்கக் கூடாது.

அழித்தேன். அழித்தவை போய்ச் சேருகிற இன்னொரு இடம் ஃபோனில் உண்டு என்று நீதான், சாமி, ஒரு நாள் காட்டினாய். அங்கேயும் தேடிப் போய் அழித்தேன்.